பின்சீட்டில் திரும்பி உட்கார்ந்த ஆக்சிஜன்

இந்த மலையில் வாழ்ந்த மனிதர்களில் தன் மூக்கை நம்பாத ஒரே பிறவி ஆக்சிஜன்தான். அடுப்பில் கறி கருகினாலும் மீட்டரைப் பார்த்துவிட்டுத்தான் ஒத்துக்கொள்வார்.

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து லோரி ஓட்டியவர். நான் அதே தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி. ஈப்போவிலிருந்து ஓர் ஆக்சிஜன் சென்சாரை அவர் வாங்கி வந்த அன்றே சொந்தப் பெயரை இழந்தார். மோட்டார் சைக்கிளின் புகைக்குழாயில் அதை மாட்டினால், புகையில் எவ்வளவு ஆக்சிஜன் மிச்சம் என்று பார்த்து, மீட்டரில் எண்ணாகக் காட்டும். பதிமூன்று என்றால் நல்லது. ஏறினால் பெட்ரோல் போதவில்லை, இறங்கினால் அதிகம். இவ்வளவுதான் விஷயம். இதற்குப் போய் எங்கள் தொழிலாளர் குடியிருப்பான லயமே அவரை டாக்டரைப் போலக் கும்பிட்டது. கோயிலில் சாம்பிராணிச் சட்டிமேல் சென்சாரை நீட்டி, "காத்து பத்தல சாமி, விசிறுங்க" என்றார். பூசாரியும் விசிறினார்!

அதுவரை லயத்து மோட்டார் சைக்கிள்களையெல்லாம் காதால் கேட்டு, ஸ்பார்க் பிளக்கின் நிறம் பார்த்துச் சரிசெய்தவன் நான். கூட்டம் அவர் வாசலுக்கு மாறியதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். என் மனைவியே கட்சி மாறியதைத்தான் பொறுக்க முடியவில்லை.

கீழே ரிங்லெட் ஊரிலிருந்து மேடு ஏறும்போது இரண்டு பேரை இழுக்க முடியாமல் திணறியதால், என் மோட்டாருக்குப் பெரிய பிஸ்டன் போட்டிருந்தேன். நன்றாக இழுத்தது. ஆனால் எரியாத பச்சைப் பெட்ரோல் நாற்றம்.

"கோயில்ல என் பக்கத்துல கற்பூரம் காட்டவே பயப்படறாங்க. ஆக்சிஜன் அண்ணன்கிட்ட காட்டுங்க. இல்லன்னா இனிமே நான் வேன்லதான் போவேன்" என்றாள் மனைவி.

போனேன். என் புகைக்குழாயில் ஓட்டை போட்டு, ஒரு நட்டை வெல்டிங் வைத்து, அதில் சென்சாரை மாட்டினார். பிறகு பின்சீட்டில் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்து, மீட்டரை மடியில் வைத்துக்கொண்டார்.

"ஏன்யா திரும்பி உக்கார்றீங்க?"

"முன்னாடி பாத்தா காத்துல கண்ணு கலங்குது, நம்பர் தெரியல. முறுக்குங்க லா கிராணி!"

தேயிலைச் சரிவெல்லாம் அவர் குரல்தான். "பதினாலு! பதினஞ்சு!"

கொழுந்து வெட்டிக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து, "பதினஞ்சுக்கு மேல கேக்கறவங்க உண்டா?" என்று ஏலம் போட்டார்கள்.

பெட்ரோல் போதவில்லை என்று கார்புரேட்டரில் பெட்ரோலைக் கூடுதலாக விடும் பெரிய ஜெட் போட்டார். நாற்றம் கூடியது. மீட்டரோ பதினைந்திலேயே நின்றது. அதைவிடப் பெரியதைப் போட்டார். கரும்புகை வந்தது.

"போதும்யா, மூக்கு எரியுது."

"உங்க மூக்குல நம்பர் வருமா கிராணி?"

எனக்கு உள்ளுக்குள் தீபாவளி. மனைவி பார்க்கட்டும் என்று மோட்டாரை நேராக எங்கள் வாசலுக்கே விட்டேன். அவள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தாள். ஆக்சிஜன் சோப்புத் தண்ணீர் கேட்டு வாங்கி, புகைக்குழாய்மேல் ஊற்றி, அதன் வாயைத் துணியால் அடைத்து, எஞ்சினை உதைத்துக் கிளப்பினார். அவரே வைத்த நட்டைச் சுற்றி நுரை பொங்கியது.

"வெளிக்காத்து இது வழியா பூந்து சென்சார ஏமாத்தியிருக்கு! பெட்ரோல் முதல்லயே அதிகம்தான். என் வெல்டிங்கு, என் ஓட்டை!" என்று தொடையைத் தட்டிச் சிரித்தார்.

"பாத்தீங்களா," என்றாள் மனைவி என்னிடம், "தப்ப எவ்வளவு அழகா ஒத்துக்கிறாரு! நீங்களும் இருக்கீங்களே."

ஜெயித்தது என் மூக்கு. ஏலக்காய் போட்ட தேநீர் அவருக்கு.

ஓட்டையை அடைத்துச் சின்ன ஜெட் போட்டதும் மீட்டர் பதிமூன்றில் நின்றது. நாற்றம் போனது. மனைவி மறுபடி பின்னால் ஏறினாள். ஏறும்போதெல்லாம் அண்ணனைப் பாராட்டிவிட்டுத்தான் உட்கார்ந்தாள்.

போன வருடம் அவர் மகளோடு இருக்கக் கிள்ளானுக்குப் போய்விட்டார், சென்சாரோடு. அந்த நட்டுக்கு ஒரு மூடி போட்டுவிட்டு, விட்டது தொல்லை என்றிருந்தேன்.

சென்ற வெள்ளிக்கிழமை மனைவியோடு கோயிலிலிருந்து மேடேறும்போது, பின்சீட்டிலிருந்து திடீரென்று அவரைப் போலவே ஒரு சத்தம்:

"பதிமூணு! அப்படியே பிடிங்க கிராணி!"

மீட்டரும் இல்லை, சென்சாரும் இல்லை. அடுத்தவர் மேசையில் காலண்டர் கோணலாக இருந்தாலும் எழுந்துபோய் நேராக்குகிறவன் நான். அவளைத் திருத்தவில்லை. வீடு வரைக்கும் அப்படியே பிடித்தேன்.