மனம்விட்டுப் பேசச் சொல்பவர்

மனம்விட்டுப் பேசச் சொல்பவர் என்று ஓர் இனம் உண்டு. ரயிலில் எதிர் இருக்கையில் இருப்பார், மருத்துவமனையில் பக்கத்துக் கட்டில்காரரைப் பார்க்க வந்தவராக இருப்பார், உங்கள் சொந்தத்திலேயே இரண்டு பேர் தேறுவார்கள். ஆனால் இந்த இனத்துக்குத் தனி அறையும் சுழல் நாற்காலியும் கதவில் பலகையும் கொடுத்து முறையாக வளர்ப்பது பல்கலைக்கழகத்தில்தான். அங்கே அவருக்கு மாணவர் நல அலுவலர் என்று பெயர்.

எங்கள் நல அலுவலரை மாணவர்கள் 'மனசு சார்' என்பார்கள். அவர் அறைக்கும் என் மேசைக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்பு இருக்கிறது. நான் விடுதி அறை ஒதுக்கீடு பார்க்கிறவன். தடுப்பில் அவர் பக்கம் 'இங்கே பேசுவது இங்கேயே இருக்கும்' என்று எழுதி ஒட்டியிருக்கிறது. தடுப்பு கூரை வரை போகவில்லை. எழுந்து நின்றால் அந்தப் பக்கம் தெரியும், உட்கார்ந்தால் அந்தப் பக்கம் கேட்கும். நான் இதை எழுத முடிவதற்கு அதுதான் காரணம்.

அவர் அறைக்குள் போனால் முதலில் ஒரு சோபா. அதில் உட்கார்ந்தவர் தானாக எழுந்திருக்க முடியாது, அவ்வளவு மெத்து. எதிரே சின்ன மேசை, அதன்மேல் கண்ணீர் துடைக்கக் காகிதக் கைக்குட்டைப் பெட்டி, பக்கத்தில் வாடவே வாடாத பிளாஸ்டிக் செடி. "இது ஆபீஸ் இல்லப்பா, உன் வீடுன்னு நினைச்சுக்கோ" என்பது வரவேற்புரை. வந்தவர் தன் வீடு என்று நினைத்துக்கொண்டு பெயர், பதிவு எண், துறை, உள்ளே வந்த நேரம் ஆகியவற்றை முன்னறைப் பதிவேட்டில் எழுத வேண்டும். "என்னை ஓர் அண்ணனா நினைச்சுக்கோ" என்பது அடுத்தது. அவருக்கு வயது ஐம்பத்தேழு. சொன்ன பேச்சுக்கு மரியாதை கொடுத்து ஒரு முதலாண்டுப் பையன் ஒரு முறை "சரிண்ணே" என்றான்; பெயர்ப்பலகையை ஒரு தடவை படித்துவிட்டு வரச் சொன்னார்.

அவர் கெட்டவர் என்று சொல்லிவிட்டால் எனக்கு வேலை சுலபம். கெட்டவர் இல்லை. காய்ச்சலில் கிடந்த ஒரு மாணவனைத் தன் ஸ்கூட்டரிலேயே உட்காரவைத்து மருத்துவமனைக்கு அழைத்துப்போனவர். வழியெல்லாம் அவனுக்குத் தைரியம் சொல்லிக்கொண்டே போனதில் மருத்துவமனையைத் தாண்டி இரண்டு தெரு போய்விட்டார், அவ்வளவுதான். அவரால் வரும் கஷ்டம் வேறு. யார் எந்தக் கஷ்டத்தோடு வந்தாலும், அதைவிடப் பெரியது ஒன்று அவரிடம் தயாராக இருக்கும். தூக்கம் வரவில்லை என்றால் அவர் மூன்று மாதம் தூங்காமல் படித்திருப்பார். விடுதிச் சாப்பாடு சரியில்லை என்றால் அவர் விடுதியில் சாப்பாடே கிடையாது. ஒரு பெண் தன்னோடு அறையில் யாரும் பேசுவதில்லை என்று சொல்லி முடிப்பதற்குள், இவரோடு ஒரு கல்லூரியே பேசாமல் இருந்த வருடத்துக்குப் போய்விட்டார். ஆறுதல் தேடி வந்தவர்கள் அவருக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் போன நாட்கள் எனக்குத் தெரிந்தே பல.

போன மாதம் ஒரு வியாழக்கிழமை, மூன்று மணி பத்து நிமிடத்துக்கு வேதியியல் மூன்றாமாண்டுப் பெண் ஒருத்தி வந்தாள். தோளில் பெரிய பை, அதில் ஒரு பிளாஸ்க் எட்டிப்பார்த்தது. கையில் தேர்வைத் தள்ளி எழுத அனுமதி கேட்கும் விண்ணப்பம். துறைத் தலைவர் கையெழுத்து இருந்தது, மருத்துவர் சான்றிதழ் இருந்தது. பாக்கி இருந்தது நல அலுவலர் கையெழுத்து ஒன்றுதான். அன்றுதான் கடைசி நாள். நாலு மணிக்குத் தேர்வுப் பிரிவு சன்னலை மூடிவிடுவார்கள். மூடிவிட்டால் திங்கட்கிழமை ஆய்வகத் தேர்வுக்கு அவள் வந்தாக வேண்டும். வராவிட்டால் ஒரு வருடம் போச்சு.

"சார், ஒரு கையெழுத்து வேணும். நாலு மணிக்குள்ள குடுக்கணும்."

"முதல்ல உட்காரும்மா."

"இல்ல சார், நின்னுக்கிறேன்."

"உட்காரு. பேப்பரை அப்படி வை. எனக்குப் பேப்பர் முக்கியமில்ல. நீதான் முக்கியம்."

உட்கார்ந்தாள். சோபா வாங்கிக்கொண்டது.

"இப்ப சொல்லு. எதையும் மறைக்காதே."

"அம்மாவுக்கு ஆபரேஷன் ஆகியிருக்கு சார். கூட இருக்க வேற ஆள் இல்ல. திங்கட்கிழமை என்னால வர முடியாது."

அவள் பேசியது அவ்வளவுதான். நான் பாதி எழுந்து எட்டிப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அந்தப் பார்வை தெரியும்.

"அம்மா" என்றார். "எங்கம்மாவுக்கும் இப்படித்தான் ஒரு தடவை..."

பித்தப்பையில் கல். கல்லின் அளவு, அதை முதலில் வாயு என்று சொன்ன டாக்டர், அந்த டாக்டரோடு சண்டைக்குப் போன தாய்மாமா, மாமாவைச் சமாதானப்படுத்திய நர்ஸ், நர்ஸின் சொந்த ஊர், மழை, ஆட்டோ கிடைக்காதது, எல்லாவற்றுக்கும் மேலாக, கூப்பிட்டும் வராத தம்பி. தம்பி வந்ததும் அவர் குரல் உடைந்தது. கண் கலங்கியது. அந்தப் பெண் கைக்குட்டைப் பெட்டியை அவர் பக்கம் நகர்த்தினாள். இரண்டு எடுத்துக்கொண்டார்.

"இப்ப எப்படி சார் இருக்காங்க உங்கம்மா?" என்று மரியாதைக்குக் கேட்டாள்.

"நல்லா இருக்காங்கம்மா. எண்பத்திரண்டு வயசு. தினமும் காலையில நடக்கிறாங்க."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்தக் கேள்வியை அவளிடம் இன்னும் யாரும் கேட்கவில்லை. நீ ஏன் எழுந்து போய்க் கேட்கவில்லை என்கிறீர்களா? எனக்கு வேலை இருந்தது. பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்தேன்.

"சார், கையெழுத்து..."

"பாத்தியா, மறுபடியும் பேப்பருக்கே போறே. மனசைத் திறக்க மாட்டேங்கிறியேம்மா. கையெழுத்துப் போட எனக்கு ஒரு நிமிஷம். ஆனா உன் பாரத்தை இறக்காம உன்னை அனுப்பினா நான் எதுக்கு இந்த நாற்காலியில இருக்கேன்?"

மணி மூன்று நாற்பத்தைந்து. அவள் கடிகாரத்தைப் பார்ப்பதை அவர் கவனித்துவிட்டார். பதற்றம் என்பது மனதின் ஒரு நிலை என்று ஆரம்பித்தார்.

முன்னறையில், என் மேசைக்கு எதிரே, ஓர் எழுத்தர் அம்மா இருக்கிறார். இருபது வருட சர்வீஸ்; ஒரு நாளைக்கு இருபது வார்த்தை பேசினால் அதிகம். அவர் ஃபைலோடு உள்ளே போனார்.

"சார், நல வாரம் நோட்டீஸ். பிரிண்டுக்குப் போகணும். ஆறு இருக்கு."

ஃபைலை மேசைமேல் வைத்தார். எடுத்துத் தட்டி, அடுக்கி, விரித்துப் பிடித்தபோது மேசைமேல் இருந்த விண்ணப்பத்தைக் காணோம். நான் முழுசாகவே எழுந்து நின்றுவிட்டேன். மனசு சார் பதற்றத்தின் மூன்று வகைகளை விளக்கிக்கொண்டே கையெழுத்துப் போட்டார். நோட்டீஸுக்குக் கையெழுத்துப் போட யார் மனமும் திறக்க வேண்டியதில்லை. ஆறு நோட்டீஸுக்கு ஏழு கையெழுத்துப் போட்டார், கடைசிக் கையெழுத்தின் கீழே ஒரு கோடும் இழுத்தார்.

"நீ வாம்மா, ரிஜிஸ்டர்ல நேரம் எழுதணும்" என்று எழுத்தர் அம்மா அவள் கையைப் பிடித்துச் சோபாவிலிருந்து தூக்கினார். வெளியே வந்ததும் தாளை நீட்டினார். "பின்பக்கப் படியில போ. லிஃப்டுக்கு நிக்காதே."

பிளாஸ்க் இடிக்க இடிக்க அவள் ஓடும் சத்தம் இரண்டு மாடிக்கும் கேட்டது.

சன்னல் மூட நாலு நிமிடம் இருந்ததாம். ரசீதைக் காட்ட அவள் திரும்பி வந்தாள். எழுத்தர் அம்மா முத்திரை குத்திக்கொண்டே, "அம்மா சாப்பிடுறாங்களா?" என்று கேட்டார். வேறு ஒன்றும் கேட்கவில்லை. அந்தப் பெண் நின்ற இடத்திலேயே ஆரம்பித்தாள். அம்மா சாப்பிட மறுப்பது, இரவில் பெயர் மாற்றிக் கூப்பிடுவது, டாக்டர் நேராகப் பதில் சொல்லாமல் நழுவுவது, திரும்பப் படிக்க வர முடியுமா என்ற பயம், எல்லாம் வந்தது. முத்திரைச் சத்தம் எப்போதோ நின்றுபோயிருந்தது. நான் திறந்து வைத்திருந்த பேனாவை மூடினேன்.

மனசு சார் பதிவேட்டில் எழுதினார்: 'மாணவி மனம்விட்டுப் பேசினார். உற்சாகமாக ஓடினார்.' மாதாந்திரக் கூட்டத்திலும் இதைச் சொன்னார். "ஒரு பொண்ணு வந்தா. முக்கால் மணி நேரம் கொட்டித் தீர்த்தா. நான் ஒரு வார்த்தை குறுக்கே பேசலை. காது கொடுக்கிறதுதான் சார் மருந்து." சொல்லும்போது அவர் கண் பனித்தது. பொய் சொல்லவில்லை, அவர் நினைவில் அப்படித்தான் நடந்திருக்கிறது. எல்லோரும் கைதட்டினோம். இணைப்புக் கல்லூரி நல அலுவலர்களுக்கு 'கேட்கும் கலை' பற்றி இரண்டு நாள் வகுப்பு எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு நாளும் அவரேதான் பேசுகிறார்.

உங்களுக்குச் சிரிப்பு வருகிறது. தெரிந்த நாலு பேர் முகம் வரிசையாக வந்துபோகிறது, இல்லையா? இருக்கட்டும். போன ஞாயிற்றுக்கிழமை விடுதியிலிருந்து உங்கள் மகன் கூப்பிட்டான். மகன் இல்லையென்றால் தங்கை, தங்கை இல்லையென்றால் அக்கா பிள்ளை. "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்று குரல் சற்று இறங்கி வந்தது. "சொல்லு, அதுக்குத்தானே நாங்க இருக்கோம்" என்றீர்கள். சாப்பிட்டாயா என்றீர்கள், ஏன் குரல் ஒரு மாதிரி இருக்கிறது என்று கேட்டு, சளி பிடித்திருக்கும் என்று நீங்களே பதிலும் சொன்னீர்கள். உங்கள் காலத்தில் விடுதியில் போனே கிடையாது என்பதை விளக்கினீர்கள். பதினொரு நிமிடம். கடைசியில் ஞாபகம் வந்து, "ஆமா, என்னமோ சொல்ல வந்தியே?" என்று கேட்டீர்கள்.

"ஒண்ணுமில்ல. சும்மாதான்."

போனை வைத்துவிட்டு, "நல்லா இருக்கான்" என்று வீட்டில் எல்லோருக்கும் சொன்னீர்கள்.

அது ஞாயிற்றுக்கிழமை. இன்று வியாழன். அவன் மறுபடி கூப்பிடவில்லை.