பத்துக் கிலோமீற்றர் ஒஸ்வால்ட்

பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுகிறவர்கள் என்றோர் இனம் உண்டு. நீங்கள் அறிவீர்கள். பப்பாசிப் பழத்தை வெட்டாமலே இனிப்பில்லை என்பார்கள். பஸ்ஸில் எதிரே இருப்பவரின் பல்லைக் கண்டே அவருடைய ஊர், கல்யாணமான ஆண்டு, பேச்சுவார்த்தை இல்லாத மைத்துனரின் உத்தியோகம் வரை சொல்லிமுடித்து இறங்கிப் போவார்கள். இரத்தப் பரிசோதனைத் தாளை உறையிலிருந்து எடுக்காமலே "இது வாய்வு" என்பார்கள். சரியா, பிழையா என்று பின்னால் போய் விசாரிப்பது யார்? அதனால்தான் இந்த இனம் செழிக்கிறது.

கொட்டாஞ்சேனை ஒஸ்வால்ட் இந்த இனத்தின் மூத்த அங்கத்தவர். போர் உச்சத்திலிருந்த இரண்டாயிரத்து எட்டில், கொழும்பு ஹெவ்லொக் டவுனில் ஒரு தனியார் கம்பனியின் கணினிப் பிரிவில் பதினொரு வருடச் சேவை. கம்பனியின் வலையமைப்புக்குக் காவல் நிற்கும் கருவிகளையெல்லாம் மேய்க்கும் பெட்டியொன்று அங்கே இருந்தது. அதன் வாய்களில் சுண்டுவிரல் நீளத்தில் உலோகத் துண்டுகள் செருகியிருக்கும். ட்ரான்சீவர் என்று பெயர். கண்ணாடி இழைக் கேபிளில் ஒளியாக வருவதை மின்சாரமாக்கிப் பெட்டிக்குக் கொடுத்து, பெட்டி தருவதை ஒளியாக்கி அனுப்புவது அவற்றின் வேலை. ஒருநாள் காலை அவற்றில் ஒன்று செத்துப்போயிற்று. வேறொன்று வாங்க வேண்டும். ஆனால் செத்தது எந்த வகை?

"அண்ணை, பெட்டிட்டயே கேப்பம்," என்றாள் கூட வேலை செய்யும் அருள்நாயகி. "ஒரு கொமாண்ட் அடிச்சா எந்த வாயில என்ன இருக்கு, ஆர் செய்தது, என்ன நம்பர் எண்டு எல்லாம் அதுவே சொல்லும்."

"இதுக்கெல்லாம் பெட்டியைக் கேக்க வேணுமே, பிள்ளை?"

அவள் கொமாண்டை அடித்தாள். தாள் அச்சாகி வெளியே வருவதற்குள் ஒஸ்வால்ட் துண்டைக் கழற்றி, உள்ளங்கையில் வைத்து இரண்டு தரம் தூக்கிப் பார்த்துவிட்டார்.

"லோங் ரேஞ்ச். பாரத்திலேயே தெரியுது. பத்துக் கிலோமீற்றர் ஓடும்."

அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, வெள்ளவத்தைக் கடையொன்றில் அதே மாதிரி வாங்கப் புறப்பட்டார். காலி வீதிக்கு ஏறும் முன்னர் சோதனைச்சாவடி. அடையாள அட்டையைப் பார்த்த பொலிஸ்காரர் பையைத் தடவி, துண்டை வெளியே எடுத்தார்.

"மேக்க மொகத்த?"

என்ன இது என்று கேட்டால் தெரியாது என்று சொல்லும் பழக்கம் ஒஸ்வால்டுக்கு இல்லை. சுத்தமான சிங்களத்தில், ஒன்றும் மிச்சம் வைக்காமல் விளக்கினார். ட்ரான்சீவர், சேர். ட்ரான்ஸ்மிட் பண்ணும். ரிசீவும் பண்ணும்.

எவ்வளவு தூரத்துக்கு?

"பத்துக் கிலோமீற்றர், சேர்."

அந்த இடத்திலிருந்து பத்துக் கிலோமீற்றருக்குள் துறைமுகம் இருக்கிறது, பாராளுமன்றம் இருக்கிறது, இரத்மலானை விமானத் தளம் இருக்கிறது. ஒஸ்வால்ட் ஜீப்பில் ஏற்றப்பட்டார்.

பொலிஸ் நிலைய வாங்கில் ஏற்கனவே ஆறு பேர் இருந்தார்கள். ஒரு பெண் சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தாள். யார், எந்த ஊர், எதற்காகக் கொண்டுவந்திருக்கிறார்கள் என்று ஒஸ்வால்ட் எதுவும் சொல்லவில்லை. போன மாதம் இப்படி வந்து இருந்த பக்கத்து வீட்டு முத்துலிங்கம் இன்னும் வீடு திரும்பவில்லை என்பது மட்டும் நினைவில் நின்றது.

பொலிஸ் கம்பனிக்குத் தொலைபேசி எடுத்து விசாரித்ததில், மூன்று மணிக்கு அருள்நாயகி கம்பனிக் கடிதத்தோடும் அச்சிட்ட தாளோடும் வந்து சேர்ந்தாள். ஓஐசி என்கிற நிலையப் பொறுப்பதிகாரி தாளிலிருந்த இலக்கத்தையும் துண்டில் பொறித்திருந்த இலக்கத்தையும் எழுத்தெழுத்தாக ஒத்துப் பார்த்தார். சரி. பிறகு விரல் ஒரு வரியில் நின்றது.

"இதில் ஐந்நூற்றைம்பது மீற்றர் என்று இருக்கிறது. இவர் பத்துக் கிலோமீற்றர் என்று வாக்குமூலம் கொடுத்திருக்கிறார். எது பொய்?"

"அண்ணை, சொல்லுங்கோவன்," என்றாள் அருள்நாயகி மெதுவாக. ஒஸ்வால்ட் துண்டைப் பார்த்தார். தாளைப் பார்த்தார். கம்பிக் கதவைப் பார்த்தார். வீட்டில் மனைவி பேர்ணடெற் மெழுகுதிரி கொளுத்தியிருப்பாள். இருந்தும் வாய் திறக்க ஒரு முழு நிமிடம் பிடித்தது என்று அருள்நாயகி இன்றைக்கும் சொல்கிறாள்.

"மட்ட வெரதுனா, சேர்."

எனக்குப் பிழைத்துவிட்டது. ஐம்பத்தோராம் வயதில் முதல் தடவையாக, அதுவும் சிங்களத்தில். தமிழில் அவர் அதை இன்றுவரை சொன்னதில்லை.

ஐந்து மணிக்கு விட்டார்கள். வெளியே வந்து நூறு மீற்றர் நடந்ததும் பேச்சுத் திரும்பிவிட்டது. "ஓஐசி நல்ல மனுசன், பிள்ளை. எனக்கு முகத்தைக் கண்டவுடனேயே விளங்கீற்றுது."

சாவடியில் நின்ற பொலிஸ்காரரும் அப்படித்தான், அட்டையிலிருந்த தமிழ்ப் பெயரைக் கண்டவுடனேயே அவருக்கு எல்லாம் விளங்கியிருந்தது. இந்த இனம் சீருடையிலும் உண்டு.

நீங்கள் அப்படியில்லை, தெரியும். ஆனாலும் ஒன்று கேட்கலாமா? இதை வாசிக்கத் தொடங்கி நாலாம் வரியிலேயே "இது நம்மட இன்னாரேதான்" என்று உங்கள் மனதில் ஒரு பெயர் வந்ததே, அந்த மனிதரிடம் எதையாவது விசாரித்தீர்களா?