ஹம்ஃப்ரி ஜெயித்தால் டெரில் கிடையாது

டெரிலை எப்படிப் பிறக்க வைப்பது என்று ஜனெலுக்குப் புரியவில்லை.

மாலைநேரக் கல்லூரிக் கட்டுரை. ஏதாவது ஓர் அமெரிக்க அதிபர் தேர்தலின் முடிவை மாற்றி, அதனால் சொந்தக் குடும்பத்தில் என்னென்ன மாறியிருக்கும் என்று வரிசையாக எழுத வேண்டும். நாளைக்குக் கொடுத்தாக வேண்டும். ஜனெல் 1968-ஐ எடுத்துக்கொண்டாள். நிக்சனுக்குப் பதில் ஹம்ஃப்ரி ஜெயிக்கிறார். வியட்நாம் போர் சீக்கிரம் முடிகிறது. பிறந்த தேதிகளைக் குலுக்கி, சின்ன எண் விழுந்தவனையெல்லாம் பட்டாளத்துக்கு இழுத்தார்களே, அந்தக் குலுக்கல் நடக்கவில்லை. ஆகவே மாமனார் ஹாலிஸ் கென்டக்கி முகாமுக்குப் போகவில்லை. அங்கே கேன்டீனில் வேலை பார்த்த நோரீனைச் சந்திக்கவில்லை. அப்புறம் டெரில் ஏது?

இதை ஞாயிறு மதியம் சாப்பாட்டு மேசையில் வாய்விட்டுச் சொன்னதுதான் தப்பு.

"கல்யாணமாகி ரெண்டே வருஷம். அதுக்குள்ள என்னை அழிச்சிட்டியா?" என்றான் கணவன் டெரில்.

"கட்டுரையிலதான் டெரில்."

மாமியார் நோரீன் கிரேவிக் கிண்ணத்தைப் பாதி வழியில் நிறுத்தினாள். "அப்ப நான் யாரைக் கட்டியிருப்பேன்?"

அட, இதை யோசிக்கவில்லையே என்று ஜனெல் பென்சிலை எடுத்தாள். "யாராவது இருந்தாங்களா அத்தை?"

"டுவேய்ன்னு ஒருத்தர். ஏரிக்கரையில வீடு. சொந்தமா படகு."

ஹாலிஸ் முள்கரண்டியைக் கீழே வைத்தார். "யாரு டுவேய்ன்?"

"அதான் நடக்கலையே. நிக்சன்தானே ஜெயிச்சுத் தொலைச்சாரு."

ஜனெல் அவசரமாகக் குறுக்கே புகுந்தாள். "மாமா, பட்டாளம் வேணாம். உங்களை டிராக்டர் விக்க கென்டக்கிக்கு அனுப்பிடறேன்."

"இவரா விப்பாரு? வெயில் காலத்துல ஐஸ்கூட விக்கத் தெரியாது இவருக்கு!" என்றாள் நோரீன்.

"சரி, அத்தையை இந்தியானாவுக்கு வரவைக்கிறேன்."

"இந்த ஊருக்கா? படகை விட்டுட்டா?"

"போயேன்! படகிலேயே போயேன்!" ஹாலிஸ் தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டார்.

ஜனெல் இரண்டு வரியை அடித்துவிட்டு வேறு எழுதினாள். "கவலைப்படாதீங்க மாமா, படகை மூழ்கடிச்சிட்டேன்."

"ஐயோ, நல்ல மனுஷன் அவரு! அவரை ஏம்மா சாகடிக்கிற?" நோரீனின் கண் கலங்கிவிட்டது.

"அவனுக்காக அழறியா?" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது.

நோரீன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். "அவராவது என்னைத் தேடி வந்தாரு ஹாலிஸ்! நீ என்னைத் தேடிக்கிட்டா வந்த? எவனோ ஒரு பாத்திரத்துல கைய விட்டு உன் தேதிய எடுத்தான், நீ வந்து விழுந்த. முப்பத்தஞ்சு வருஷமா நான் ஒரு குலுக்கல் பரிசு!"

ஹாலிஸ் சமையலறை வாசலில் வந்து நின்றார். கட்டுரை போகட்டும், ஒரு குடும்பத்தையே உடைத்துவிட்டோமே என்று ஜனெல் பதறினாள். பதறும்போது அவளுக்கு விவரம் கேட்க மட்டும்தான் தெரியும்.

"மாமா, உங்களுக்கு விழுந்த நம்பர் என்ன?"

"மறந்துபோச்சு."

டெரிலே நிமிர்ந்து பார்த்தான். அந்த வயது ஆண்கள் கல்யாண நாளை மறப்பார்கள். அந்த எண்ணை மறந்த ஒருவரை அவன் இதுவரை கண்டதில்லை.

"சின்ன நம்பரா?" என்றாள் ஜனெல்.

ஹாலிஸின் காது சிவந்தது. "ஆப்பிள் பை ஆறுது, எல்லாரும் சாப்பிடுங்க."

மேசைக் கோடியில் சோளக்கதிரைக் கடித்துக்கொண்டிருந்த அவருடைய அக்கா வெர்னா வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"முன்னூத்தி நாப்பத்தொண்ணு, ஒருத்தனும் இவனைக் கூப்பிடல, கென்டக்கிப் பொருட்காட்சியில நோரீனைப் பாத்துட்டு, அவ எந்த முகாம்ல வேலை பாக்கிறான்னு என்னை விட்டு விசாரிச்சு, மறுவாரமே அந்த முகாமே வேணும்னு தானாப் போயில்ல பட்டாளத்துல கையெழுத்துப் போட்டான்!"