இன்னொரு போனில் ஒலிக்கிறது

மூன்றாவது தடவையும் பாட்டு பாதியில் பிடுங்கப்பட்டபோது ரேடியோ போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டாள்.

போர்வைக்குள் குப்புறக் கிடந்தாள். காதில் இயர்போன். விடியற்காலை மணி மூன்று பத்து. கிதார் உச்சத்துக்கு ஏறி, டிரம்ஸ் வந்து தொபீரென்று விழ வேண்டிய இடத்தில் சட்டென்று நிசப்தம். திரையில் ஒரே ஒரு வரி: ‘இன்னொரு போனில் ஒலிக்கிறது.’

மறுபடி அழுத்தினாள். நாலு நொடி கிதார். நிசப்தம். ‘இன்னொரு போனில் ஒலிக்கிறது.’

எந்த இன்னொரு போன்?

வீட்டில் இருப்பது மூன்று பேர், மூன்று போன். அப்பா போன் சாப்பாட்டு மேஜையில் சார்ஜ் ஏறிக்கொண்டு கிடந்தது. அப்பா அடுத்த அறையில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். அம்மா போன் அம்மாவோடு ஆஸ்பத்திரியில் நைட் டியூட்டி பார்த்துக்கொண்டிருந்தது. அதில் பாட்டுச் செயலியே கிடையாது.

அந்தச் செயலிக்கு வீட்டுக்கே ஒரே கணக்கு. அப்பா நம்பரில் எப்போதோ திறந்தது. ஒரு நேரத்தில் ஒருவர்தான் கேட்க முடியும். இங்கே அழுத்தினால் அங்கே நின்றுவிடும். ஆனால் ‘அங்கே’ என்று ஓர் இடம் இருப்பதே நாலு நாள் முன்புவரை ரேடியோவுக்குத் தெரியாது. நாலு வருஷமாக அந்த ராஜ்யத்தில் அவள் ஒருத்திதான் ராணி. ‘எல்லாம்’ என்று ஒரே ஒரு பட்டியல். ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினாலு பாட்டுகள். ஜாஸும் ராப்பும் தோளோடு தோள் உரசும். மெட்டல் முடிந்த கையோடு வயலில் பாடும் பாட்டு வரும். ஓபராவுக்கு அடுத்தது பழைய சினிமா டூயட். பல் தேய்க்க ஒன்று, அல்ஜீப்ரா போட ஒன்று, அழுவதற்கென்றே பதினேழு. “நிறுத்தற பட்டன் இல்லாத ரேடியோவைப் பெத்து வச்சிருக்கேன்” என்று அம்மா சொல்லிச் சொல்லி, அதுவே பேராக ஒட்டிக்கொண்டது.

‘சமீபத்தில் கேட்டவை’யைத் திறந்தாள்.

‘பெண் குரல், வார்த்தையில்லாத முனகல்.’ ‘ஹேர் டிரையர் சத்தம், இரண்டு மணி நேரம்.’ ‘ஷ்ஷ்ஷ், ஒரு மணி நேரம்.’ மறுபடி ‘ஷ்ஷ்ஷ்’. மறுபடி ஹேர் டிரையர்.

அழுத்தாமல் இருந்திருக்கலாம். அழுத்தினாள்.

“ஷ்ஷ்ஷ்... ஷ்ஷ்ஷ்... ஷ்ஷ்ஷ்...”

உதட்டில் விரலை வைத்துக்கொண்டு யாரோ காதோரம் குனிந்து ‘வாயைத் திறக்காதே’ என்று மிரட்டுகிற மாதிரி இருந்தது. போனை வீசி எறிந்தாள். அது எதிரே இருந்த அக்காவின் காலிக் கட்டிலில் போய் விழுந்தது. ரேடியோ வாய்க்குள் முணுமுணுத்தாலே அந்தக் கட்டிலிலிருந்து தலையணை பறந்து வரும். அக்காவுக்குப் பாட்டு என்றாலே ஆகாது. இரண்டு வருஷமாகத் தலையணை வருவதில்லை. விடியும்வரை போனை எடுக்க ரேடியோவும் அந்தப் பக்கம் போகவில்லை.

*

“பேய்தான். சந்தேகமே இல்ல” என்றாள் டாக்டர்.

டாக்டர் அவளோடு ஒரே பெஞ்சில் உட்காருகிறவள். கேட்காமலேயே எல்லாவற்றுக்கும் வைத்தியம் சொல்வதால் வந்த பட்டம்.

“பேய் எதுக்குடி ஹேர் டிரையர் சத்தம் கேக்குது?”

“தலைக்குக் குளிச்சிருக்கும். ஈரத் தலையோட அலைஞ்சா சளி பிடிக்காதா?”

“செத்தப்புறம் என்னடி சளி?”

“அப்புறம் ஏன் முனகுது?”

டாக்டர் குரலைத் தாழ்த்தினாள். “உங்க வீட்ல இப்போ யாராவது போயிட்டாங்களா?”

“அக்கா மட்டுந்தான்.”

“அய்யய்யோ! எப்போடி?”

“சாகலடி. கல்யாணம் பண்ணிக்கிட்டுப் போயிட்டா. எங்கப்பாவுக்கு ரெண்டும் ஒண்ணுதான்.”

‘இனி இந்த வாசப்படி மிதிக்காதே’ என்று அப்பா ஒரே ஒரு தடவைதான் சொன்னார். அக்கா அவருக்குத் தப்பாமல் பிறந்த ரோஷக்காரி. நம்பரை மாற்றிக்கொண்டாள். எந்த ஊரில் இருக்கிறாள் என்றுகூட யாருக்கும் தெரியாது.

“சரி, விடு” என்று டாக்டர் மருந்துச் சீட்டு எழுதினாள். “இன்னிக்கு ராத்திரி ஒவ்வொரு ரகமா போட்டுப் பாரு. எதுக்கு அடங்குதுன்னு தெரிஞ்சா, அதை வச்சே விரட்டிடலாம்.”

அன்று இரவு ரேடியோ தன் ராஜ்யத்தின் மொத்தப் படையையும் இறக்கினாள். ராப் போட்டாள், எட்டு நொடியில் பிடுங்கி, ‘ஷ்ஷ்ஷ்’. ஓபரா போட்டாள், பாடுகிற அம்மாள் மூச்சு இழுக்கும்போதே ‘ஷ்ஷ்ஷ்’. ஜாஸுக்கு ஹேர் டிரையர். கடைசி நம்பிக்கையாக ஒரு பக்திப் பாட்டு. அதற்கும் ஹேர் டிரையர். சாமிக்கே பயப்படாத சாமான்!

அழுகை வந்தது. அழும்போது கேட்கிற பதினேழில் ஒன்றைக் கை தானாகவே தட்டியது. புல்லாங்குழல். அவசரமே இல்லாத, மூச்சு விடுகிற மாதிரி ஒரு புல்லாங்குழல்.

நாலு நொடியில் பிடுங்கிக்கொண்டது.

ஆனால் இந்தத் தடவை ‘ஷ்ஷ்ஷ்’ இல்லை. அதே புல்லாங்குழல், இவள் விட்ட இடத்திலிருந்து அங்கே தொடர்ந்து ஓடிக்கொண்டிருந்தது. முடிந்தது. மறுபடி முதலிலிருந்து. ரேடியோ போர்வைக்குள் விரல்விட்டு எண்ணினாள். இருபத்திரண்டு தடவை.

அடுத்த நாள் அது ‘எல்லாம்’ பட்டியலுக்குள்ளேயே வந்துவிட்டது. ஆயிரத்துத் தொள்ளாயிரம் பாட்டில் மெதுவானவற்றை மட்டும் மோப்பம் பிடித்து எடுத்தது. செல்லோ, ஒற்றைப் பியானோ, படகுக்காரன் பாட்டு. எல்லாமே ரேடியோவுக்கு உயிரான பாட்டுகள். கூடப் படிக்கிறவர்கள் ஒருத்திகூட இந்தப் படகுக்காரனை முழுசாகக் கேட்டதில்லை. இது ஒன்பது தடவை கேட்டிருந்தது.

ரேடியோவுக்கு ஒரு நொடி பெருமையாக இருந்தது. அடுத்த நொடி, பெருமைப்பட்டதை நினைத்துப் பயம் பிடித்துக்கொண்டது.

காலையில் அப்பாவிடம் போய் நின்றாள். அப்பா தையல் கடையில் துணி வெட்டுகிறவர். கிளம்பும் அவசரத்திலும் ஜன்னலோரம் நின்று போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்பா, நம்ம பாட்டுக் கணக்குல யாரோ புகுந்து கேக்கறாங்கப்பா.”

“கேட்டுட்டுப் போகட்டும்.”

“பேயா இருந்தா?”

“பேய்க்கும் பொழுது போக வேண்டாமா? நீ கொஞ்ச நாளைக்குக் காதுக்கு லீவு குடு.”

சொல்லிவிட்டு அப்பா சிரித்தார். அக்கா போனதிலிருந்து சிரிக்காத மனுஷன், பல் தெரியச் சிரித்தார்.

ரேடியோ பள்ளிக்கூடம்வரை ஓடியே போனாள். “டாக்டர், அது எங்கப்பாவையும் பிடிச்சிடுச்சுடி!”

டாக்டர் நெற்றியைச் சுருக்கினாள். “முத்திப்போச்சு. முதல்ல பாட்டு, அப்புறம் அப்பா, அடுத்து நீதான். பழக விட்டா போகவே போகாதுடி. இன்னிக்கே வெட்டி விட்டுடணும்.”

*

மொபைல் கடைக்காரர் வாயில் குட்டி ஸ்க்ரூடிரைவரைக் கவ்விக்கொண்டே போனை வாங்கிப் பார்த்தார்.

“உள்ள மூணு போன் இருக்கும்மா. இது உன்னுது. இது உங்கப்பாவோடதா? மூணாவது... பேர் இல்ல, வெறும் நம்பரும் எழுத்துமா இருக்கு. ரொம்பப் பழைய மாடல். இதெல்லாம் இப்போ இல்லவே இல்லியே.”

டாக்டர் ரேடியோவின் கையைக் கிள்ளினாள். “பாத்தியா? மாடலே செத்துப்போன மாடல்!”

“எந்த ஊர்னு காட்டுமாண்ணா?”

“அதெல்லாம் காட்டாது. பேயும் இல்ல, ஒண்ணும் இல்ல. எவனோ ஓசியில கேக்கறான். பாஸ்வேர்டை மாத்திட்டு, ‘எல்லாப் போனிலிருந்தும் வெளியேற்று’ன்னு இருக்கு பாரு, அதை அமுக்கு. உன் போனைத் தவிர எல்லாம் வெளிய போயிடும்.”

புதுப் பாஸ்வேர்டைப் போட்டாள். விரல் கடைசிப் பொத்தானுக்கு மேலே நின்றது. மூன்றாவது போனின் பக்கத்தில் ஒரு பச்சைப் புள்ளி. செல்லோ ஓடிக்கொண்டிருந்தது. அடுத்து அந்தப் படகுக்காரன் வருவான். அதுவும் அதற்காகக் காத்திருக்குமோ என்னவோ.

“என்னடி யோசிக்கிறே? பாவம் பாக்கறியா? அப்படித்தான் இழுக்கும். அமுக்கு!”

அமுக்கினாள். செல்லோ நடுவில் அறுந்தது. பச்சைப் புள்ளி அணைந்தது.

அன்று சாயங்காலம் ரேடியோ மெட்டல் பாட்டு ஒன்றை முதல் நொடியிலிருந்து கடைசி நொடிவரை கேட்டாள். டிரம்ஸ் விழ வேண்டிய இடத்தில் விழுந்தது. யாரும் பிடுங்கவில்லை. யாரும் ‘ஷ்ஷ்ஷ்’ என்று அதட்டவில்லை. ராஜ்யம் திரும்பக் கிடைத்துவிட்டது. எதிர்க்கட்டிலில் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு ராப், ஓபரா, டூயட் என்று ஒரு வெற்றி ஊர்வலமே நடத்தினாள்.

அப்பா கடையிலிருந்து வந்தார். கழுத்தில் தொங்கிய டேப்பைக்கூடக் கழற்றாமல், கை கால் கழுவாமல் நாற்காலியில் உட்கார்ந்து போனை எடுத்தார். தட்டினார். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி தட்டினார்.

“என்னம்மா இது, பாஸ்வேர்டு கேக்குது?”

“மாத்திட்டேன்பா! இனிமே பயமே இல்ல. நம்மளத் தவிர அதுல யாரும் வர முடியாது. எல்லாத்தையும் வெளிய தள்ளியாச்சு.”

“எல்லாத்தையும்னா?” அப்பாவின் குரல் என்னவோ மாதிரி இருந்தது. “அந்த ஹேர் டிரையர் போடறவங்களையுமா?”

ரேடியோ இயர்போனைக் கழற்றினாள். “ஹேர் டிரையர் உங்களுக்கு எப்படிப்பா தெரியும்?”

அப்பா டேப்பைக் கழுத்திலிருந்து உருவி விரலில் சுற்றினார். முழுசாகச் சுற்றி முடித்தார். பிறகு அதை அப்படியே பிரித்துவிட்டார்.

“அது உங்கக்கா போனும்மா, நான் வாங்கிக் குடுத்தது. முந்தாநேத்து நீ போட்ட புல்லாங்குழலுக்குத்தான் தூங்க வைக்கற அந்த ஹேர் டிரையரும் ‘ஷ்ஷ்ஷ்’ஷும் விடியறவரைக்கும் தேவைப்படல... இனிமே அவ குழந்தை தூங்குச்சா இல்லையான்னு நமக்கு எப்படிம்மா தெரியும்?”