கட்டுப் போட்ட தீர்க்கதரிசி

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இருபத்தேழு வயதில் நான் உலக முடிவு நிபுணனாக இருந்தேன். பிழைப்புக்கு, சிங்கப்பூர்ப் பாலத்துக்கு இந்தப் பக்கம், மாசாயில் ஒரு பிளாஸ்டிக் வாளித் தொழிற்சாலையில் மெஷின் பழுது பார்க்கும் வேலை, அதுவும் கான்ட்ராக்ட். ஆனால் புதன்கிழமை மாலை எங்கள் வீட்டு ஜெபக்கூட்டத்தில் வேதத்தைக் கையில் எடுத்துவிட்டேன் என்றால், எந்த நாடு எப்போது அழியும், எந்தத் தலைவர் மிருகத்தின் எந்தக் கொம்பு என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. (அடுத்த மாதம் எனக்கு வேலை இருக்குமா என்பது மட்டும் தெரியாது.)

அந்தக் கூட்டத்துக்குத் தவறாமல் வருகிறவர்கள் இரண்டு பேர். ஒருவர் ராஜன் அண்ணன், தினமும் மோட்டார் சைக்கிளில் பாலத்தைத் தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் வருகிறவர். இன்னொருவர் மேரி அக்கா, எங்கள் தொழிற்சாலை வாசலில் காலையில் நாசி லெமாக், அதாவது தேங்காய்ப்பால் சோறும் மிளகாய்ச் சம்பலும் விற்கிறவர். தீர்க்கதரிசனம் என்று பேச்செடுத்தால் போதும், இரண்டு பேருமே என் பொறுமையைச் சோதிப்பார்கள்.

"மகா உபத்திரவம்னா வேற என்ன தம்பி? காலைல பாலத்து ஜாம்ல வந்து நின்னு பாரு. அழுகையும் பல்கடிப்பும் அங்கதான் இருக்கு" என்பார் ராஜன் அண்ணன்.

"சூரியன் கறுக்கும், நிலா ரத்தமாகும்னு போட்டிருக்கே, அது புகைமூட்டம்தான்" என்பார் மேரி அக்கா. "போன தடவ புகை வந்தப்ப நிலா அப்படியே என் சம்பல் நெறத்துல இருந்துச்சு லா. நான் பார்த்தேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "நீங்க ரெண்டு பேரும் அவங்கவங்க கண்ணாடியப் போட்டுக்கிட்டுப் படிக்கிறீங்க! பாலத்துல நிக்கிறவருக்குப் பாலம் தெரியுது, சம்பல் அரைக்கிறவங்களுக்குச் சம்பல் தெரியுது. நான் கண்ணாடியே போடாம, எழுதியிருக்கிறத மட்டும் படிக்கிறேன்" என்று ஒரு பிரசங்கம் செய்வேன். மேரி அக்கா, "சரி சரி, நீ படிப்பா" என்று வடைத் தட்டை என் பக்கம் நகர்த்துவார்.

இந்தச் சமயத்தில்தான் எனக்குக் கல்யாணம் கூடி வந்தது. பெண் பெயர் கிரேஸ். குளுவாங்கில் ஒரு கிளினிக்கில் நர்ஸ், வீடு பக்கத்து ஊரான காஹாங்கில். நான் ஒரு விஷயத்தைப் பத்து நிமிடம் விளக்கினால், முழுவதும் கேட்டுவிட்டு, "அப்படியா?" என்று ஒரே வார்த்தை சொல்வாள். அந்த ஒரு வார்த்தையில் பத்து நிமிடமும் புகையாகிப் போகும். அவளை எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது. அவள் அப்பா பாமாயில் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் மண்டோர், ஐம்பது பேரை வேலை வாங்கும் மேற்பார்வையாளர். அதிகம் பேசமாட்டார். என்னைப் பார்த்ததும் அவர் சொன்னது ஒன்றே ஒன்றுதான்.

"பெர்மனென்ட் லெட்டர் வரட்டும் தம்பி. அப்புறம் பரிசம் போடுவோம்."

லெட்டரும் வருகிற நேரம்தான். அதற்குள் சோறு தின்னப் போன இடத்தில், கேன்டீன் சுவரில் அந்த அறிவிப்பு.

வருகைப் பதிவுக்குப் புது மெஷின் வருகிறதாம். அறிவிப்பில் பெரிதாக ஒரு கையின் படம், கீழே மலாயில் நான்கு வரி. அதில் நான் வாசித்தது இதுதான்: எல்லோரும் வலது கையைப் பதிய வேண்டும். வலது கை பதியாவிட்டால் நெற்றி. இரண்டும் இல்லையென்றால் சம்பளம் இல்லை. பெர்மனென்ட் லெட்டரும் பதிந்த பிறகுதான்.

எனக்குக் குளிர் ஜுரம் வந்துவிட்டது. வெளிப்படுத்தின விசேஷத்தில் வரும் மிருகத்தின் கதையை ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள்கூடச் சொல்லும். வலது கையிலோ நெற்றியிலோ அதன் முத்திரையை வாங்கிக்கொள்ளாதவன் எதையும் வாங்கவோ விற்கவோ முடியாது. அதன் எண் அறுநூற்று அறுபத்தாறு. அந்த மிருகம் கடலிலிருந்து வரும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது எச்.ஆர். ஆபீஸிலிருந்து வருகிறது!

அன்று மாலையே காகிதமும் பென்சிலுமாக உட்கார்ந்தேன். தொழிற்சாலைப் பெயரின் எழுத்துகளுக்கு எண் போட்டுக் கூட்டினேன். நானூற்றுச் சொச்சம் வந்தது. எச்.ஆர். அதிகாரி புவான் ரோஹானாவின் பெயரைக் கூட்டினேன், ஊஹூம். தொழிற்சாலைப் பெயரோடு என் மோட்டார் சைக்கிள் நம்பரைச் சேர்த்து, அதிலிருந்து எங்கள் பிரிவில் வேலை செய்யும் ஆட்களின் எண்ணிக்கையைக் கழித்தபோது, கச்சிதமாக அறுநூற்று அறுபத்தாறு! (ஏன் கழிக்க வேண்டும் என்று கேட்காதீர்கள். நானும் கேட்கவில்லை.) பென்சிலைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணீர் விட்டேன்.

வீரனாக இருந்தால் நேராகப் போய், "முடியாது" என்று சொல்லியிருப்பேன். சொன்னால் வேலை போகும். வேலை போனால் லெட்டர் போகும், லெட்டர் போனால் கிரேஸ் போவாள். பதிந்தாலோ ஆத்துமாவே போய்விடும். எனக்கு ரத்தசாட்சியாகவும் ஆக வேண்டும், பெர்மனென்டாகவும் ஆக வேண்டும். ஒரு வாரம் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

மருந்துக்கடைக்குப் போய் ஐந்து சுருள் கட்டுத் துணி வாங்கினேன். பதியச் சொன்ன நாள் ஒரு புதன்கிழமை. விடிந்ததும் வலது கையில், விரல் நுனியிலிருந்து முழங்கை வரைக்கும் சுற்றினேன். கண்ணாடியில் பார்த்தேன். நெற்றி திறந்து கிடந்தது. மீதித் துணி முழுவதையும் நெற்றியில் சுற்றினேன். அந்தக் கோலத்தில் ஹெல்மெட் தலையில் இறங்கவில்லை. மோட்டார் சைக்கிளை விட்டுவிட்டு நடந்தே வேலைக்குப் போனேன்.

"ஐயோ சாமு! அக்ஸிடன்டா?" என்று வாசலிலேயே கையிலிருந்த கரண்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்தார் மேரி அக்கா.

நான் வாயைத் திறக்கவில்லை. தலையை மட்டும், ஆமாம் என்றும் இல்லை என்றும் பொருள் கொள்ளும்படி வட்டமாக ஆட்டினேன். பொய் சொல்லவில்லை பாருங்கள்! வாயால் சொன்னால்தானே பொய்?

புவான் ரோஹானா என்னைக் கண்டதும் "அலமாக்!" என்று நாற்காலியிலிருந்து எழுந்தார். "பதிவு எங்கே ஓடிப்போகிறது, முதலில் வீட்டுக்குப் போய்ப் படுங்கள்" என்று மலாயில் சொல்லிக் கதவு வரைக்கும் வந்து வழியனுப்பினார். மிருகத்துக்கு இவ்வளவு இரக்கமா என்று யோசித்துக்கொண்டே வீட்டுக்கு வந்து, கட்டை அவிழ்க்காமலே மத்தியானம் வரைக்கும் நிம்மதியாகத் தூங்கினேன்.

நான் தூங்கிய நேரத்தில் மேரி அக்காவின் போன் தூங்கவில்லை. கிரேஸ் அம்மாவிடம் அவர் சொன்னது, "சாமு பைக்ல விழுந்துட்டான் போல" என்பதுதானாம். அது காஹாங்கில் நான்கு வீடு ஏறி இறங்குவதற்குள், லாரி என் மேல் ஏறி, இரண்டு விரல் போய், நினைவும் தப்பிவிட்டது. சாயங்காலம் எங்கள் வீட்டு வாசலில் கார் வந்து நின்றது. கிரேஸ், அவள் அம்மா, அவள் அப்பா. அம்மா கையில் விரால் மீன் சூப், காயம் ஆறுவதற்காம். அப்பா கையில், உடம்பு தேறக் குடிக்கும் சிக்கன் எசன்ஸ் ஒரு பெட்டி. கிரேஸ் கையில் கிளினிக்கிலிருந்து கொண்டுவந்த டிரெஸ்ஸிங் பை.

அந்தப் பையைப் பார்த்ததும் எனக்கு உண்மையாகவே நினைவு தப்பும்போல இருந்தது.

அன்று ஜெபக்கூட்ட நாள் வேறு. ராஜன் அண்ணனும் மேரி அக்காவும் வந்துவிட்டார்கள். கிரேஸ் அம்மா கண்ணீரோடு என் தலைமாட்டில் நின்றார். "காஹாங்ல ஆரம்பிச்ச ஜெபம், இன்னும் நிறுத்தல தம்பி. உங்க கைக்கு ஒன்னும் ஆகக்கூடாதுன்னு வழிபூரா கெஞ்சிக்கிட்டே வந்தேன்."

"காமிங்க" என்றாள் கிரேஸ்.

"வேணாம் கிரேஸ், டாக்டர் அவிழ்க்கக் கூடாதுன்னு..."

"எந்த டாக்டர்?"

எனக்கு அவசரத்துக்கு ஒரு டாக்டர் பெயர்கூட வரவில்லை. அவள் முடிச்சைத் தேடினாள். நான் போட்டிருந்தது உரச்சாக்குக் கட்டும் முடிச்சு. அதைப் பார்த்ததுமே அவள் புருவம் ஒரு தடவை ஏறி இறங்கியது. அவிழ்க்க ஆரம்பித்தாள். துணி வந்தது, வந்துகொண்டே இருந்தது. கடைசிச் சுற்றும் போனது. வியர்வையில் ஊறிச் சுருங்கி வெளுத்த ஒரு கை வெளியே வந்தது. ஐந்து விரலும் இருந்தன. ஒரு கீறல் கிடையாது. நெற்றியிலும் வேர்க்குரு மட்டும்தான்.

"அல்லேலூயா!" என்று கிரேஸ் அம்மா கைகளை உயர்த்திக் கத்தினார். "காயமே இல்ல! ஆறிடுச்சு! நான் ஜெபிச்சேன், ஆறிடுச்சு!" மேரி அக்கா அழுதுகொண்டே என் காலைத் தொட்டுப் பார்த்தார். (கால் ஏன் என்று தெரியவில்லை.) ராஜன் அண்ணன் என் காதருகே குனிந்து, "எத்தன நாள் எம்.சி. லீவு குடுத்தாங்க தம்பி? நல்ல ஐடியாவா இருக்கே" என்றார். கிரேஸ் அப்பாவோ என் வாயருகே வந்து மெதுவாக மூச்சை இழுத்து மோந்து பார்த்தார். குடித்துவிட்டு விழுந்தேனோ என்று அவருக்குச் சந்தேகம்.

ஒரே கை, அதைப் பார்த்தவர்கள் இத்தனை பேர். அவரவர் எதை எதிர்பார்த்து வந்தார்களோ அதையே அந்தக் கையில் கண்டார்கள். நான் புதன்கிழமைதோறும் தொண்டை கிழியக் கத்திய பாடம் என் கையிலேயே நடந்துகொண்டிருந்தது. அப்போது அது எனக்கு உறைக்கவில்லை. நான் கிரேஸ் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கிரேஸ் துணியை மடித்துக்கொண்டிருந்தாள். அவள் அம்மா அதற்குள் பாஸ்டருக்குப் போன் போட்டுவிட்டார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் நான் எழுந்து நின்று இந்த அற்புதத்துக்குச் சாட்சி சொல்ல வேண்டுமாம். காரில் ஏறும் முன் கிரேஸ் என் பக்கம் திரும்பினாள்.

"எங்கம்மா ரெண்டு மணி நேரம் அழுதுகிட்டே வந்தாங்க, சாமு. ஏன் இப்படிச் செஞ்சீங்கன்னு நான் கேக்கல. ஞாயித்துக்கிழமை நீங்களே சொல்லுங்க. பொய்ச் சாட்சி சொன்னீங்கன்னா, நான் இந்த வீட்டுக்கு வரமாட்டேன்."

கல்யாணம் நின்றுபோகும் என்று பயந்து போட்ட கட்டு, கல்யாணத்தையே நிறுத்தப் பார்த்தது. வெட்கத்தில் அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. விரால் மீன் சூப்பை மட்டும் குடித்தேன். (நன்றாகவே இருந்தது.)

மறுநாள் காலை, வேலை போனாலும் போகட்டும் என்று வெறும் கையோடு புவான் ரோஹானா முன்னால் போய் நின்றேன். என் மதத்தின்படி வலது கையைப் பதிய முடியாது என்று சொன்னேன். அவர் ஒன்றும் புரியாமல் விழித்தார்.

"வலது கையா? யார் சொன்னது?"

"அறிவிப்பிலேயே இருக்கிறதே!"

அவர் என்னைக் கேன்டீனுக்கு அழைத்துப்போய்ச் சுவரைக் காட்டினார். 'தாங்ஙான்' என்று இருந்தது. மலாயில் கை. வெறும் கை. வலது என்ற சொல்லைத் தேடினேன், எங்கேயும் இல்லை. நெற்றியும் இல்லை. கை பதியாதவர்கள் முகத்தைப் பதியலாம் என்றுதான் இருந்தது. பிறகு அவர் தன் கையை அந்தப் படத்தின் மேல் விரலுக்கு விரல் ஒட்டி வைத்துக் காட்டினார். கட்டை விரல் உட்படச் சரியாகப் பொருந்தியது. அது அவருடைய இடது கை!

ஒரு வாரம், தினமும் இரண்டு வேளை அந்த அறிவிப்பின் முன்னால் நின்று வாசித்திருக்கிறேன். இல்லாத சொல்லை ஒவ்வொரு தடவையும் வாசித்திருக்கிறேன். படத்தில் இருந்த கையைக்கூட மாற்றிவிட்டேன். கண்ணாடியே போடாமல் படிக்கிறவன்!

இடது கையைப் பதிந்தேன். மெஷின் 'பீப்' என்றது. வானம் பிளக்கவில்லை. புவான் ரோஹானா மேசை இழுப்பறையிலிருந்து உறையை எடுத்துக் கொடுத்தார். பெர்மனென்ட் லெட்டர், போன வாரமே கையெழுத்தாகியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கடைவீட்டு மாடியில் இருக்கும் எங்கள் சபையில் இடமே இல்லை. கிரேஸ் அம்மா அற்புதத்தைக் காட்ட ஒரு வேன் நிறைய உறவினரைக் கூட்டி வந்திருந்தார். எழுந்து நின்றேன். கட்டுத் துணி, உரச்சாக்கு முடிச்சு, மோட்டார் சைக்கிள் நம்பர், இடது கை, எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன். மோட்டார் சைக்கிள் நம்பர் இடத்தில் பாஸ்டர் கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டார். மேரி அக்கா மூடிக்கொள்ளவில்லை. அவர் சிரித்த சிரிப்பில் மற்றவர்களும் தொடங்கிவிட்டார்கள்.

கிரேஸ் அம்மா சிரிக்கவில்லை. அவர் முகம் வாடிப் போனதைப் பார்த்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. "மன்னிச்சிருங்க ஆண்ட்டி" என்றேன். அவர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு வேனில் வந்தவர்கள் பக்கம் திரும்பினார்.

"இத்தன பேர் முன்னால ஒரு ஆம்பள தப்ப ஒத்துக்கிட்டானே, இது அற்புதம் இல்லையா?"

ஆமென் என்றார்கள். பின் வரிசையிலிருந்து கிரேஸ் அப்பா எழுந்தார்.

"லெட்டர் வந்துச்சா?"

"வந்துருச்சு அங்கிள்."

"அப்ப சரி" என்று உட்கார்ந்துவிட்டார்.

கிரேஸ் என்னை மன்னிக்க மூன்று வாரம் எடுத்துக்கொண்டாள். கல்யாண நாளில், பெண்ணின் வலது கையைப் பிடித்து வாக்குக் கொடுங்கள் என்று பாஸ்டர் சொன்னபோது, முகத்திரைக்குள்ளிருந்து, "வலது கை பரவாயில்லையா? இல்ல, இடது தரவா?" என்றாள். நான் வாக்குறுதி சொல்லும்போது சிரித்துவிட்டேன். வீடியோவில் அது இன்னும் இருக்கிறது.

எங்கள் வீட்டில் யாராவது ஒரு வேலையிலிருந்து நழுவப் பார்த்தால், "கட்டுத் துணி எடுத்துட்டு வரவா?" என்பதுதான் இன்றைக்கும் பேச்சு. போன மாதம் என் மகள் வேதத்தை மடியில் வைத்துக்கொண்டு, "அப்பா, இந்த ஏழு தல மிருகம் எங்க கணக்கு டீச்சர் மாதிரியே இருக்கு. அவங்கதானா?" என்று கேட்டாள். பத்து வயது. அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, ரத்தத்தில் வந்தது.

விளக்கம் சொல்ல நான் தொண்டையைச் செருமினேன். அடுப்படியிலிருந்து கிரேஸ் குரல் வந்தது.

"பாப்பா, அப்பா வாயத் தொறக்கறதுக்கு முன்னால ரெண்டு கையையும் காட்டச் சொல்லு."

நான் காட்டினேன்.