டென்ஷனை இறக்கும் கல்

விஜயபுரத்தில் அன்று கவலை இல்லாத மனிதன் ஒருவன்கூட இல்லை. இருந்த ஒருவனும், கவலைப்படுகிறவர்களுக்குக் கல் கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, அவசரமாக ஒரு கவலையைத் தேடிப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டான். பாலசமுத்திரத்திலிருந்து ஷேர் ஆட்டோ, சத்தியவேட்டிலிருந்து பஸ், எங்கிருந்தெல்லாமோ டூவீலர். எல்லாக் கூட்டமும் தணிகாசலத்தின் வேர்க்கடலைக் கொட்டகைக்குள்தான் நுழைந்தது.

உள்ளே மௌனானந்தர் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தார். பத்து நாளைக்கு முன் திருப்பதியிலிருந்து காரில் வந்திறங்கிய தியான குரு. பேச்சில் பாதி தெலுங்கு. தியானத்தைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. கண்ணை மூடி மூச்சைக் கவனித்தால் மனசு கொஞ்சம் இலேசாகும். ஆனால் ஓசியில் கிடைக்கிற மூச்சுக்கு எவன் காணிக்கை போடுவான்? அதனால் குருவுக்கு ஒரு கல் தேவைப்பட்டது.

வெள்ளிக் காகிதம் ஒட்டிய பெட்டியிலிருந்து கூழாங்கற்களை எடுத்துக் கொடுப்பார். தொட்டால் சில்லென்று இருக்கும். இமயமலைக் குளிர்ச்சியாம்! பெட்டியின் அடியில் சொட்டிய தண்ணீரைத் தீர்த்தம் என்று கையேந்திக் குடித்தார்கள். கல்லைப் பொத்திப் பிடித்துக் கண்ணை மூடி உட்கார வேண்டும். மணி அடித்ததும் பார்த்தால் கல் சூடாகியிருக்கும்.

“சூசாரா, பாத்தீங்களா? உங்க டென்ஷன் மொத்தம் கல்லுல இறங்கிடுச்சு!”

எப்படி இறங்கியது என்று யோசிக்க அங்கே யாருக்கும் நேரமில்லை. எல்லாரும் கண்ணை மூடியிருந்தார்கள்.

இதைக் கண்டு சிரிக்க முடியாதவள் ஒருத்தி இருந்தாள். தணிகாசலத்தின் மகள் நளினி. ஸ்ரீசிட்டியில் ஒரு தொழிற்சாலையில் வேலை. லீவுக்கு வீட்டுக்கு வந்தவள் கண்ணில், அப்பாவின் பிபி மாத்திரை அட்டை பிரிக்காமலே கிடந்தது பட்டது.

“இன்னா நைனா, மாத்திரை போட்றதில்லியா?”

“சாமி நிறுத்தச் சொல்ட்டாரு. மாத்திரை உள்ள இருந்தா டென்ஷன் கல்லுல இறங்காதாம்.”

“போன வாரம் வரப்புல தலை சுத்தி வுழுந்தியே! இப்படியே வுட்டா கை கால் இழுத்துக்கும்னு டாக்டர் சொன்னாரே!”

“அது மிச்ச டென்ஷன் வெளிய போனதும்மா,” என்றார் தணிகாசலம் பெருமையாக.

நளினிக்கு அழுகையே வந்துவிட்டது. டாக்டர் சொல்லியும் கேட்காதவர், மகள் சொல்லியா கேட்கப்போகிறார்? அவளும் ஒரு கல்லை வாங்கிக்கொண்டு கொட்டகை மூலையில் போய் உட்கார்ந்தாள். அங்கே ஒரு கூடையில் வீட்டுக் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது.

கூட்டம் கண்ணை மூடியது. மௌனானந்தர் மட்டும் செல்போனில் ரீல்ஸ் பார்த்தார். ஞானிக்கு எதற்குத் தியானம்? நளினி கல்லை மெதுவாகக் கோழிக்கு அடியில் தள்ளினாள். கோழி ஒருமுறை முறைத்துவிட்டு, முட்டைகளோடு அதையும் சேர்த்து அணைத்துக்கொண்டது.

மணி அடித்தது. குரு ஒவ்வொரு கல்லாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தார். நளினி நீட்டிய கல்லைத் தொட்டதும் கையை உதறினார்.

“அம்மாடி! இங்க இருக்கிற எல்லார் கல்லையும் விட இதுதான் சூடு! என்னா பாரம் தல்லி, என்னா பாரம் தாயே உனக்கு! ராத்திரி தூக்கம் லேது. மேனேஜர் தொல்லை. உள்ளுக்குள்ள ஒரு காதல் தோல்வி வேற. இதுக்குத் தனி பூஜை பண்ணணும்.”

தணிகாசலத்துக்குக் கண் கலங்கிவிட்டது.

“நல்லா பாத்துச் சொல்லுங்க சாமி,” என்றாள் நளினி. “ இந்தக் கல்லை வச்சிக்கினு இருந்தவங்களுக்கா காதல் தோல்வி?”

“சந்தேகமே லேது!”

நளினி கூடையைத் தூக்கிவந்து அவர் முன்னால் வைத்தாள்.

“கல்லை நான் வச்சிக்கினு இல்ல சாமி. இதுதான் வச்சிக்கினு இருந்துச்சு. எந்தச் சேவல் ஏமாத்திச்சுன்னு நீங்களே கேளுங்க.”

கொட்டகை சிரிப்பில் அதிர்ந்தது. குரு லேசில் விடுவாரா? “கோழிக்கும் ஆத்மா உண்டு! முட்டை பொரியுமோ பொரியாதோன்னு அதுக்கும் டென்ஷன்!” என்றார். அதற்கும் ஆமாம் என்று ஆடிய தலைகள் உண்டு. நம் ஊர்த் தலைகள் ஆடுவதற்கு அலுத்துக்கொண்டதே இல்லை.

தணிகாசலத்தின் தலை மட்டும் ஆடவில்லை.

“சும்மா இரு சாமி. எத்தினி கோழிய அடை வச்சிருக்கிறேன்! முட்டைய பொரிக்கிறது அது ஒடம்புச் சூடு. அப்ப என் கல்லுல ஏறினதும் என் ஒடம்புச் சூடுதானே?”

சொல்லிக்கொண்டே போய்ப் பெட்டியைத் திறந்தார். உள்ளே மீன்கடைக்காரர்கள் போடுகிற ஐஸ்கட்டி, அதன் மேல் கற்கள். தீர்த்தம் குடித்தவர்கள் வாயைத் துடைத்துக்கொண்டார்கள். மௌனானந்தர் காரை நோக்கி நடந்தார், பிறகு ஓடினார்.

தணிகாசலம் மகளிடம் கையை நீட்டினார். நளினி பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்துப் பிரித்தாள். எல்லார் முன்னாலும் மாத்திரையை வாங்கி விழுங்கினார்.

“அப்ப கண்ணை மூடிக்கினு உக்கார்றதும் பொய்யாம்மா?”

“அது நல்லதுதான் நைனா. தினமும் மாத்திரை போட்டுக்கினு, கொஞ்ச நேரம் மூச்சு வுட்டுக்கினு உக்காரு. கல்லும் வேணாம், சாமியும் வேணாம்.”

தாராளமாகக் கண்ணை மூடுங்கள், அய்யா. கூடவே புத்தியையும் மூடிவிட்டால், நீங்கள் கண் திறப்பதற்குள் இன்னொருவன் ஐஸ்பெட்டியோடு வந்து நிற்பான்.