எப்போ எடுக்கறா?

மேலகரம்
3-7-78

சிரஞ்சீவி ராமசேஷனுக்கு அத்திம்பேர் லட்சுமிநாராயணன் செய்யும் ஆசீர்வாதம். இங்கே நான், உன் அக்கா ருக்மிணி, விஜயம் மூவரும் க்ஷேமம். உன் கார் மட்டும் க்ஷேமமாக இல்லை. டில்லியில் உன் க்ஷேமத்தை இதைப் படித்து முடித்த பிறகு எழுதினால் போதும்.

நேற்று சிவகிரியிலிருந்து விஜயத்தைப் பெண் பார்க்க வந்தார்கள். ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப் போனது உனக்குத் தெரியும், இதுவும் போனால் உன் அக்கா படுத்துவிடுவாள். அதனால் நான் கொஞ்சம் தாராளமாகவே, வீட்டில் கார் நிற்கிறது, குற்றாலத்தில் நல்ல சாரல், பெண் பார்த்த கையோடு அருவிக்கு அழைத்துப் போகிறேன் என்று எழுதியிருந்தேன். பிள்ளையின் அம்மா வாலாம்பாள் மாமி ரொம்ப ஆசாரம். உட்கார்ந்ததும் முதல் கேள்வி, "பொண்ணு தெனம் விளக்கேத்துவாளோ?" ஒரு நாள் தவறமாட்டாள் என்றேன். மாமிக்குத் திருப்தி, சொஜ்ஜித் தட்டைக் கையில் எடுத்தாள். அந்த நேரம் பார்த்து, கார் ஓட்ட வரச்சொல்லியிருந்த தென்காசி டிரைவர் சேக் மைதீன் வாசலில் வந்து நின்று, "சாமி, செத்துப் போச்சு. அஞ்சு மாசமா அங்கனயே கெடக்குல்லா. இன்னும் எடுக்காம வச்சிருக்கியளே" என்றார். மாமி தட்டைக் கீழே வைத்துவிட்டு, "எப்போ எடுக்கறா?" என்று கேட்டாள். பேட்டரியைத்தான் கேட்கிறாள் என்று நானும், "சாயங்காலம் கடைக்காரன் வந்து எடுத்துடுவான் மாமி, அது பாட்டுக்குக் கெடக்கட்டும், நீங்க சாப்பிடுங்கோ" என்றேனே பார்க்கணும். மாமி பையைத் தூக்கிக்கொண்டாள். "தீட்டு வீட்டுல பொண்ணு பார்க்க வச்சுட்டாளே, எழுந்திருங்கோ" என்று மாமாவை இழுக்கிறாள், எனக்கோ ஒன்றும் புரியவில்லை, உன் அக்காவுக்கு அழுகை வந்துவிட்டது.

தலை நிமிரக்கூடாது என்று சொல்லி உட்கார வைத்திருந்த விஜயம், "மாமி, செத்தது காரோட பேட்டரி" என்று சொல்லிவிட்டு, அடக்க முடியாமல் சிரித்தாள். மாப்பிள்ளை சங்கரசுப்பிரமணியனும் சிரித்தான். சிரித்ததோடு நிற்காமல் வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கார் தள்ள இறங்கிவிட்டான், நானும் மாமாவும் பின்னால் கை கொடுத்தோம், பிள்ளையார் கோயில் தாண்டியதும் வண்டி உறுமியது. எல்லாரும் அருவியில் குளித்து வரும்வரை எஞ்சினை அணைக்க யாருக்கும் தைரியமில்லை, பாவம் சேக் மைதீன் குளிக்காமல் ஆக்ஸிலேட்டரை மிதித்துக்கொண்டே இருந்தார். மாமி மட்டும், எதற்கும் இருக்கட்டும் என்று, தீட்டுக்கும் சேர்த்து இரண்டு தடவை தலை நனைத்தாள். திரும்பும்போதே காருக்குள் சொல்லிவிட்டார்கள், ஆவணியில் கல்யாணம்.

ஆனால் உன்னை விடமாட்டேன். தை மாசம் காரைக் கொண்டு வந்து தள்ளிவிட்டுப் போனவன், வாரம் ஒரு தடவையாவது ஸ்டார்ட் பண்ணணும் என்று ஒரு வரி எழுதினாயா? உன் அலட்சியத்தால் விஜயத்தின் கல்யாணமே நின்றிருக்கும். புது பேட்டரியோடு முகூர்த்தத்துக்கு வந்து சேர். நீ உன் பேட்டரியைப் போல் அல்லாமல் நீண்ட ஆயுளோடு இருக்க குற்றாலநாதரை வேண்டும்,

லட்சுமிநாராயணன்

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகும்போது ருக்மிணி சொல்கிறாள். விளக்கு வைக்கிற நேரத்தில் வீடெல்லாம் வெளிச்சமாக இருக்க, மகாலட்சுமி மாதிரி நிற்கிற வண்டி மட்டும் இருட்டில் கிடக்கலாமா என்று, தினமும் காருக்குள் இருக்கிற லைட்டைப் போட்டுவிட்டு வருவாளாம் விஜயம். விடிய விடிய எரியுமாம். ஒரே வாரத்தில் எரியாமல் போனதும், பல்பு போய்விட்டது, அப்பா கத்துவார் என்று என்னிடம் சொல்லவில்லையாம். அப்புறமும் சாஸ்திரத்துக்காகத் தினம் போய் சுவிட்சை மட்டும் தட்டிவிட்டு வருவாளாம். ஆகவே உன்னைத் திட்டியதை எல்லாம் அடித்துவிட்டுப் படி. மாமியிடம் நான் சொன்னது மட்டும் சத்தியம். ஒரு நாள் தவறவில்லை.